கூடத்தில் நின்ற கார்

எங்கள் வீட்டு டீயில் தின்னர் வாசனை வரும். ஏலக்காய் தட்டிப் போட்டாலும் இஞ்சி தட்டிப் போட்டாலும், விருந்தாளி வந்திருக்கிறார்களே என்று அம்மா பாலில் சொட்டுத் தண்ணீர் கலக்காமல் கொதிக்க வைத்தாலும், தம்ளரை வாயருகே கொண்டுபோகும்போது முதலில் மூக்கில் ஏறுவது பெயிண்டில் கலக்கும் அந்தத் தின்னரின் நெடிதான். டீயைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வீடு முழுக்க அந்த நெடி இருந்தது. தலையணை உறையில், பள்ளிச் சீருடையில், ஊறுகாய் ஜாடியைத் திறந்தால் அதில்கூட. வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பெண் ஒருநாள், "உங்க வூட்ல டெய்லி பெயிண்ட் அடிப்பாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கூடத்தின் நடுவில் ஒரு கார் நிற்கிறது, அதை என் அப்பா பல வருடங்களாகப் புதுசாக்கிக்கொண்டிருக்கிறார் என்று விளக்குவதற்கு ஒரு இடைவேளை போதாது.

அப்பாவை நாங்கள் அத்தா என்று கூப்பிடுவோம். செங்கல்பட்டில், ஜி.எஸ்.டி. ரோட்டோரம் தகரம் அடைத்த மனையில் அத்தாவுக்குக் காயலான் கடை. ஆயுள் முடிந்த வேனும் ஆட்டோவும் அம்பாசடரும் அங்கே முழுசாக உள்ளே போகும். கதவு தனி, எஞ்சின் தனி, இரும்பு தனி என்று வெளியே வரும். ஒரு வண்டியைத் தூரத்தில் பார்த்ததுமே அதிலிருந்து எது எது தேறும் என்று சொல்லிவிடுகிற மனிதர் அவர். ஊர் வண்டிகளையெல்லாம் உடைத்தே எங்களை வளர்த்தவர், திடீரென்று ஒரு வண்டியை மட்டும் ஒட்டவைத்துக் காட்டுகிறேன் என்று கிளம்பியதுதான் எங்கள் குடும்பத்தைப் பிடித்த "பேஜாரு".

அந்தக் கார் முட்டுக்காட்டுப் பக்கம் ஒரு பெரிய பங்களாவின் கொட்டகையில் கிடந்தது. பங்களாக்காரரின் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டை விற்றார்கள்; கொட்டகையைக் காலி செய்து கொடுங்கள் என்று அத்தாவிடம் சொன்னார்கள். உடைந்த கட்டில்களுக்கும் ஜெனரேட்டருக்கும் அடியில் இது இருந்திருக்கிறது. அத்தா பிறப்பதற்கு முன்பே சீமையில் செய்த பந்தயக் கார் மாதிரி. தரையோடு தரையாகப் படுத்திருக்கும் உடம்பு, நீண்ட மூக்கு, கூரைக்குப் பதிலாக மடக்கும் துணி, அந்தத் துணியும் கிழிசல். உப்புக்காற்று தின்று தீர்த்ததில் பெயர்த் தகட்டில் ஒரு எழுத்துகூட மிஞ்சவில்லை, அதனால் எந்த நாட்டு வண்டி என்பதே கடைசிவரை தகராறாக இருந்தது. வெட்டத்தான் கொண்டுவந்தார். கேஸ் கட்டரைப் பற்றவைத்துக் கையில் பிடித்தவர், ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அணைத்துவிட்டாராம். ஏன் என்று அம்மா எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். "மூக்கப் பாரேன், எவ்ளோ நீளமா கீது" என்பதைத் தவிர வேறு பதில் வந்ததில்லை.

கடையில் வைத்தால் சாமான்களுக்குக் கால் முளைத்துவிடும் என்று சொல்லி வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். எங்கள் வீடு தாத்தா காலத்தில் அரிசி மண்டியாக இருந்தது. மூட்டை இறக்குவதற்காக வைத்த அகலமான இரட்டைக் கதவு தெருவைப் பார்த்திருக்கும். அதைத் திறந்தால் நேராகக் கூடம். அப்போது தெருவும் கூடமும் ஒரே மட்டம். நாலு பேர் தள்ள, கார் அலுங்காமல் உள்ளே வந்து மின்விசிறிக்கு நேர் கீழே நின்றது. எனக்கு அப்போது ஒன்பது வயது, தம்பி ரியாஸுக்கு ஆறு. நாங்கள் குதித்தோம். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சமையல்கட்டிலிருந்து வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"நாலு பேரு கீறோம். ரெண்டு சீட்டு கீது. யாரு யாரு நடந்து வரணும்னு இப்பவே சொல்லிடுங்க."

அத்தா ஸ்பானரை எடுத்துக்கொண்டு கீழே படுத்துவிட்டார். அதற்குப் பிறகு வந்த வருடங்களில் அம்மா கேட்ட முக்கால்வாசிக் கேள்விகளுக்கு அவருடைய பதில் இதுவாகத்தான் இருந்தது.

ஒரு காரைப் பிரித்தால் அது இவ்வளவு இடம் பிடிக்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. சோபா பின்கட்டுக்குப் போயிற்று. கதவு ஒன்று குளியலறைச் சுவரில் சாய்ந்து நின்றது, அதைத் தாண்டித்தான் குளிக்கப் போக வேண்டும். ஸ்டீயரிங் காலண்டர் ஆணியில் தொங்கியது. அரிசி களையும் பாத்திரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கார்புரேட்டரை ஊறவைத்தார் என்பதற்காக அம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை. பக்ரீத்துக்கு மதுராந்தகத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள் காரைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல், வண்டிக்கு மேலாகக் குரல் கொடுத்துப் பேசிவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு பானட் மேல் பிரியாணித் தட்டு வைத்த வட்டம் பதிந்திருக்கிறது என்று கோபப்பட்டார் அத்தா. சோபாவை விரட்டிவிட்டுக் காரை நிறுத்திய இடத்தில் கோபப்பட யாருக்கு உரிமை இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

இதில் அவருக்குக் கூட்டாளி எத்திராஜ் மாமா. கருங்குழிக்காரர், டிங்கரிங் வேலை செய்கிறவர். ஞாயிற்றுக்கிழமை காலை நாஸ்தாவுக்குச் சரியாக வந்து இறங்குவார். நாலு தட்டு தட்டுவார், பள்ளத்தை நிரப்பப் பட்டி பூசுவார், சாப்பிடுவார், மின்விசிறிக்குக் கீழே கொஞ்சம் கண்ணயர்வார். போகும்போது தவறாமல், "ஒரே ஒரு வாரம் பாய், முடிஞ்சிடும்" என்பார். அந்த ஒரு வாரத்தில் நான் மேல்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டேன். கதவை ஒருமுறை வலது இடது மாற்றி வெல்டிங் வைத்துவிட்டார். திறந்தால் கதவு ஆகாயத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு நின்றது. "இந்த மாடல் அப்டித்தான் பாய் தொறக்கும்" என்று சாதித்தார். அத்தா அதை ஒரு மாதம் நம்பினார். சீமைக் காருக்கு ஷேர் ஆட்டோவின் லைட்டும் பழைய வேனின் ஹாரனும் வந்து சேர்ந்தன. ஹாரன் முதலில் வேலை செய்த நாளில் பக்கத்து வீட்டுக் குழந்தை பயந்து அழுதது, அம்மா போய்ச் சமாதானம் செய்துவிட்டு வந்தாள்.

இதையெல்லாம்கூட அம்மா பொறுத்துக்கொண்டிருப்பாள். பிரச்சினை மழையில் இருந்தது.

எங்கள் தெருவுக்கு ரோடு போட வருகிறவர்கள் பழைய ரோட்டைச் சுரண்டி எடுப்பதில்லை. அதன் மேலேயே ஜல்லியையும் தாரையும் கொட்டி உருட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த தடவையும் அப்படியே. ரோடு ஏற ஏற, வீடு இறங்கும். தெருவுக்குச் சமமாக இருந்த எங்கள் கூடத்துக்கு முதலில் ஒரு படி இறங்க வேண்டியதாயிற்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று. ஐப்பசியில் ஏரி நிரம்பி மழை வலுத்தால் தெருத் தண்ணீர் எல்லாம் முறையாக விலாசம் விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அது வெறும் மழைத் தண்ணீரும் இல்லை, சாக்கடையும் அதில் சேர்ந்திருக்கும். அம்மா பினாயில் ஊற்றிக் கழுவிக் கழுவி அவள் விரல் இடுக்கெல்லாம் வெந்து போயிருக்கும். அவளுக்கு நகை ஆசை இல்லை, ஊர் சுற்றும் ஆசை இல்லை. மழைக்காலத்தில் தண்ணீர் வராத வீடு ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு வழி இல்லாமலும் இல்லை. எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டுக்காரர்கள் வீட்டைத் தூக்கியிருந்தார்கள். அஸ்திவாரத்தைச் சுற்றித் தோண்டி, சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கி கொடுத்து, வீட்டை அப்படியே நூல் நூலாக உயர்த்தி, அடியில் செங்கல் கட்டிவிடுவார்கள். வடக்கிலிருந்து வந்த ஆட்கள் அதைச் செய்தார்கள். அம்மா அவர்களைக் கூட்டிக்கொண்டுவந்து அத்தா முன்னால் நிறுத்தினாள். அவர் மாட்டேன் என்று அனுப்பிவிட்டார். மறுவருடமும் கூட்டிவந்தாள், மறுவருடமும் அனுப்பினார்.

கடைசியில் ஒருநாள் வாயைத் திறந்து காரணம் சொன்னார். கடையில் ஒரு லாரியை ஜாக்கி போட்டுத் தூக்கியிருந்தபோது ஜாக்கி நழுவி, அடியில் படுத்திருந்த கன்னியப்பன் என்கிற ஆளின் கால் நசுங்கியது எங்களுக்கும் தெரியும். அத்தாதான் அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். "ஜாக்கி இன்னா பண்ணும்னு எனக்குத் தெரியும். லாரிக்கே அப்டின்னா வூடு இன்னாவும்? உள்ள புள்ளைங்க கீதுங்க." அந்தப் பயம் நிஜம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அடுத்த மழைக்கு முதல் தண்ணீர் படியில் இறங்கியதும் அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? கடையிலிருந்து நாலு ஜாக்கியைக் கொண்டுவந்து காரைத் தூக்கி, அடியில் செங்கல் அடுக்கினார். பீரோவும் கட்டிலும் என் பாடப்புத்தகங்களும் நனைந்தன. கார் நனையவில்லை.

"வண்டிய ஜாக்கி போட்டுத் தூக்கிட்டீங்க," என்றாள் அம்மா, கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு. "வூட்ட எப்போ தூக்கப் போறீங்க?"

அப்புறம் அந்தப் பெருமழை வந்த வருடம். விடியும்போதே தண்ணீர் முழங்காலைத் தொட்டது. மாடி கிடையாது, தெருவில் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியதால் வெளியே போகவும் முடியவில்லை. வீட்டில் உயரமான, காய்ந்த இடம் என்று மிஞ்சியது ஒன்றுதான். ஜாக்கியில் தூக்கி நிறுத்தியிருந்த காரில் ஏறினோம். ஒரு சீட்டில் அம்மா, அவள் மடியில் அரிசி டப்பா. இன்னொரு சீட்டில் நானும் ரியாஸும் ஒருவர் மேல் ஒருவர். துணியில் சுற்றிய குர்ஆன் டாஷ்போர்டின் மேல். மதியம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். ரியாஸ் ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருப்பி எங்கோ ஓட்டிக்கொண்டு போனான். அத்தா தண்ணீரில் நின்று நாலு ஜாக்கியையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்தார். பாத்திரங்கள் மிதந்து வந்து கார் மேல் மோதின. அம்மா அத்தனை வருடத்தில் அந்தக் காரில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அன்று அவள் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அதற்கடுத்த கோடையில் கார் தயாராகிவிட்டது. நம்புவதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கறுஞ்சிவப்பு பெயிண்ட் அடித்து, சீட்டுக்குப் புது ரெக்சின் போட்டு, எஞ்சினை உயிர்ப்பித்தார்கள். கூடம் முழுக்கப் புகை, எல்லோரும் இருமிக்கொண்டே சிரித்தோம். வெளியே கொண்டுபோவது மட்டும் பாக்கி. படி மூன்றாகிவிட்டதால் பலகை சாய்த்துத்தான் ஏற்ற வேண்டும். வண்டியோ தரையோடு ஒட்டியது. எத்திராஜ் மாமா நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, "படிக்கும் வயித்துக்கும் நடுவுல ரெண்டு வெரலு கேப்பு கீது பாய், தாராளமா போவும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்து, மாமல்லபுரம்வரை ஒரு ஓட்டு ஓட்டுவது என்று முடிவாயிற்று.

அந்த வாரத்தில்தான் தெருவுக்கு மறுபடி ரோடு போட வந்தார்கள். தெருவில் இருந்த பெண்களெல்லாம் அவர்களைச் சூழ்ந்துகொண்டு, பழசைச் சுரண்டிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் மெல்லிசாகவாவது போடுங்கள் என்று கெஞ்சினார்கள். அத்தா கடையில் இருந்தார். அம்மா ஒரு கூஜா நிறைய நன்னாரி சர்பத் கரைத்தாள், என்னைத் தம்ளர்களை எடுத்துக்கொண்டு வரச்சொன்னாள். தார் வேலையின் சூட்டில் அவர்கள் அதை அமிர்தமாகக் குடித்தார்கள். மேஸ்திரி தம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது அம்மா மெதுவாகச் சொன்னாள்.

"எங்க வூட்டாண்ட மட்டும் கொஞ்சம் கெட்டியா போட்டுடு தம்பி."

மேஸ்திரி அம்மாவையும் பார்த்தார், ரோட்டிலிருந்து மூன்று படி கீழே கிடந்த எங்கள் வாசலையும் பார்த்தார். "இன்னாம்மா, எல்லாரும் கம்மியா போடுன்னு உசிர வாங்கறாங்க. நீ இன்னாடான்னா ஏத்திப் போடுன்ற. தண்ணி உன் வூட்லதான் வந்து நிக்கும்."

"நிக்கட்டும். நீ போடு."

வீட்டுக்குள் வந்ததும், "அம்மா, இன்னும் ஒரு மழ வந்தா இன்னாம்மா பண்றது?" என்று கேட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "வராது. அதுக்குள்ள தூக்கிடுவாரு" என்றாள். கூஜாவைக் கழுவிக் கவிழ்த்தாள். "நமக்காகத் தூக்க மாட்டாரு. அந்த மூக்குக்காகத் தூக்குவாரு பாரு."

ஞாயிற்றுக்கிழமை தெருவே கூடியிருந்தது. அத்தா வெள்ளைச் சட்டை போட்டு ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். எஞ்சின் உறுமியது, முன்சக்கரங்கள் பலகையில் ஏறி ரோட்டைத் தொட்டன, அப்புறம் அடியில் ஒரு சத்தம் கேட்டது. பல்லைக் கடித்த மாதிரி ஒரு சத்தம். கார் நின்றுவிட்டது, முன்பாதி ரோட்டில், பின்பாதி கூடத்தில், வயிறு வாசற்படியின் மேல். இப்படியும் போகாது, அப்படியும் போகாது. அத்தா இறங்கிக் குனிந்து பார்த்தார். புதுத் தாரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ரெண்டு வெரலு இருந்துச்சே எத்திராசு."

"அதான் பாய் எனக்கும் புரியல." எத்திராஜ் மாமா தலையைச் சொறிந்தார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டு ஆள் சேர்ந்து தூக்கி வெளியே வைத்துவிடலாம் என்று யோசனை சொன்னார். அத்தாவுக்கு வந்ததே கோபம். "ஒவ்வொரு தபாவும் எட்டு ஆளு தூக்கிகினு போயி தூக்கிகினு வர்றதுக்கு இது இன்னா பல்லக்கா?" என்றார். அம்மா கதவோரம் நின்றபடி, யாரிடமும் சொல்லாத மாதிரி, "ரோடு ஏறிகினே போவுது, வூடு எறங்கிகினே போவுது. நான் எத்தினி வருசமா சொல்லிகினு கீறேன்" என்றாள்.

மறுநாள் காலையில் அத்தாவே வீடு தூக்குகிற ஆட்களைக் கூப்பிட்டார்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது. என் புத்தகங்கள் நனைந்தபோது வராத ரோஷம், அம்மாவின் விரல்கள் வெந்தபோது வராத ரோஷம், ஒரு காரின் அடிவயிற்றில் கீறல் விழுந்ததும் வந்துவிட்டதே என்று நினைத்து நினைத்து எரிந்தேன். அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "எதுக்குத் தூக்குனா இன்னாடி? தூக்குறாரா இல்லியா?" அவளால் அப்படி நினைக்க முடிந்தது. என்னால் ரொம்ப நாள் முடியவில்லை.

வீட்டைத் தூக்கும்போது கூடத்தில் கார் இருக்கக் கூடாது என்றார்கள். ஆகவே எட்டு ஆள் தூக்கத்தான் வேண்டியதாயிற்று. "குட்டியானை" என்று நாங்கள் சொல்லும் சின்ன லாரியில் ஏற்றி, மாமல்லபுரம் போகிற வழியில் கடலோரமாக இருந்த என் தாய்மாமாவின் சவுக்குத் தோப்புக்கு அனுப்பினார்கள். அந்த மாமுவிடம் ஒரு கொட்டகை இருந்தது. அத்தா கூடவே போய்த் தார்ப்பாய் போர்த்தி, நாலு பக்கமும் கட்டிவிட்டு வந்தார். ஒரு மாத வேலைதானே.

ஜாக்கி திருக ஆரம்பித்த நாளில் எங்கள் எல்லோரையும் எதிர்வீட்டு வாசலுக்குப் போகச் சொன்னார். நாங்கள் போனோம். திரும்பிப் பார்த்தால் அவர் வரவில்லை. காலியான கூடத்தின் நடுவில், கார் நின்ற இடத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். இரட்டைக் கதவு திறந்திருந்ததால் தெருவிலிருந்து நன்றாகத் தெரிந்தது. வேலை செய்கிறவர்கள் கூப்பிட்டார்கள், எத்திராஜ் மாமா கூப்பிட்டார், அவர் அசையவில்லை. அம்மா நடுத்தெருவில் நின்று கத்தினாள்.

"வெளிய வாங்க. இன்னா கூத்து இது?"

"நீங்கெல்லாம் அங்கயே இருங்க. வுழுந்தா என் மேல வுழட்டும்."

அவர் நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அம்மா எதிர்வீட்டுத் திண்ணையில் கிடந்த இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, ஆட்கள் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல், உள்ளே போய் அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குர்ஆனிலிருந்து யாசீன் அத்தியாயத்தை ஓத ஆரம்பித்தாள். வெளியே ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஜாக்கியைத் திருகினார்கள். நானும் ரியாஸும் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். வீடு ஏறுவது கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் ஜாக்கி திருகிய நாட்கள் முழுக்க அவர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அந்த இரண்டு பேரையும் சுற்றிச் சுவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிவிட்டன. எனக்கு அத்தா மேல் இருந்த ஆத்திரம் அங்கேதான் பாதி கரைந்தது. மீதி கரைய இன்னும் சில வருடம் பிடித்தது.

ஒரு மாத வேலை ஒரு மாதத்தில் முடியவில்லை. வேலையாட்கள் பண்டிகைக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பத் தாமதமாயிற்று, நடுவில் மழை வந்தது, கூடத்தை நிரப்பி உயரமாகத் தளம் போட மணல் கிடைக்கவில்லை. அத்தா வீட்டை விட்டு நகர மாட்டேன் என்றார். மாமுவிடம் போனில் கேட்டபோதெல்லாம், "கார் ஜம்முனு கீது மச்சான்" என்றார். மழையில் கோழிக்கூண்டு ஒழுகுகிறது என்று தார்ப்பாயை அவிழ்த்து அதற்குப் போட்டுவிட்டதை அவர் சொல்லவில்லை. கொட்டகைக்குக் கடல் பக்கம் சுவரும் கிடையாது.

எல்லாம் முடிந்து, வாசலில் அழகான சரிவும் கட்டிய பிறகு, நாலு பேரும் பஸ்ஸில் போய் இறங்கினோம். கறுஞ்சிவப்பு பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. அத்தா பக்கத்தில் போனார். கதவின் கீழ்விளிம்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. அடிப்பக்கம் முழுக்கக் குனிந்து பார்த்தார். எது தேறும், எது தேறாது என்று ஊருக்கே சொல்கிறவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அத்தா எழுந்து விரலைக் கைலியில் துடைத்தார்.

அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. "நாந்தாங்க," என்றாள். "ரோடு போட்டவனுங்ககிட்ட நாந்தான் ஒசத்திப் போடச் சொன்னேன். இல்லாட்டி அன்னிக்கே இது வெளிய வந்திருக்கும்."

அத்தா அவளைத் திரும்பிப் பார்த்தார். "தெருவுல எங்கயும் இல்லாத மேடு நம்ம வாசல்ல மட்டும் எப்டி வரும்? அது தெரியாதா எனக்கு?" பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அந்த மேடு இல்லாட்டி நான் தூக்கியிருக்கவே மாட்டேன். போவுது வுடு."

அடுத்த வாரம் கார் கடைக்கு வந்தது. ஆட்கள் யாரையும் தொட விடவில்லை. அவரே கேஸ் கட்டரைப் பிடித்தார் என்று எத்திராஜ் மாமா சொன்னார்.

இப்போது எனக்குப் பொத்தேரியில் வேலை. மாணவர்களும் விடுதிகளும் டீக்கடைகளும் நெருக்கியடிக்கிற அந்தச் சந்தடியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுக்கு வருகிறேன். வீடு காய்ந்து கிடக்கிறது. எவ்வளவு மழை பெய்தாலும் வாசலோடு நின்றுவிடுகிறது. கூடத்தில் டைல்ஸ், புது சோபா, பெரிய டி.வி. கடையை ரியாஸ் பார்த்துக்கொள்கிறான். எத்திராஜ் மாமா வருவதில்லை, வர வேலை இல்லை. அந்தத் தெருவில் இப்போது யார் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சுத்தியல் சத்தம் கேட்பதில்லை; எல்லோரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அத்தா சோபாவின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து டி.வி. பார்க்கிறார், பார்க்கிறாரா என்பது சந்தேகம். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார். கேட்ட கேள்விக்கெல்லாம் உடனே பதில் சொல்கிறார். அம்மா ஆசைப்பட்டதெல்லாம் நடந்துவிட்டது. அந்த வீட்டில் தண்ணீரும் வருவதில்லை, சண்டையும் வருவதில்லை. சண்டை இல்லாமல் அந்த இரண்டு பேருக்கும் பேசிக்கொள்ள ஒன்றுமே இல்லை என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்று. வீட்டுக்குள் நுழைந்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் வந்தபோது வாசலில் ஒரு குட்டியானை நின்றுகொண்டிருந்தது. அம்மா அதன் முன்சீட்டிலிருந்து இறங்கினாள். ரியாஸின் கடைக்குத் தானே போய், வெட்டுவதற்காக எடுத்துவைத்திருந்த ஒரு பழைய ஸ்கூட்டரைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். முன்சக்கரம் இல்லை, ஹேண்டில் பார் கோணல், துரு மட்டும் தாராளம். அந்தச் சரிவு வழியாக, பளபளக்கும் டைல்ஸ் மேல், அதை உருட்டவும் முடியாமல் இரண்டு ஆள் இழுத்துக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் போட்டார்கள். டைல்ஸில் நீளமாக ஒரு கோடு விழுந்தது. அம்மா அதைப் பார்த்தாள், தாண்டி உள்ளே வந்தாள்.

அத்தா டி.வி.யை அணைத்துவிட்டு எழுந்து வந்தார். சுற்றி வந்து பார்த்தார், குனிந்தார், எஞ்சினைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னா இது? இதுக்குப் பார்ட்ஸே கெடைக்காது."

"கெடைக்காதுன்னு ரியாஸு சொன்னான்," என்றாள் அம்மா, சமையல்கட்டுக்குப் போய்க்கொண்டே. "அதுக்குத்தான் இத எடுத்துகினு வந்தேன்."